ஒதுக்கி வைத்த காளான்

எண்பத்தாறு வயதுக் கிழவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்கும் பெரிய தட்டு நிறைய பாஸ்தா எதற்கு?

இந்தக் கேள்வியை ஓர்னெல்லாவின் காதில் போட்டவள், அவளுடைய அப்பாவுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கும் இவோன். போனில் கூப்பிட்டுப் போட்டாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதே. எனக்கென்ன வந்தது. ஆனா ஞாயித்துக்கிழமையானா மாடிப்படி முழுக்க உங்கப்பா வீட்டு ஓவன் வாசனைதான்."

பிறகு விவரமாகச் சொன்னாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வியோரிகா சனிக்கிழமையே பூசணிக்காயைத் தோலோடு சுட்டு மசித்துவிடுகிறாளாம். வேகவைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்று கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதிகாரம் செய்கிறாராம். காளானும் வெங்காயத்தாளும் கசப்புச் சிவப்புக்கீரையும் தனித்தனியாக வதக்கி, பாஸ்தாவை அரைவேக்காட்டில் இறக்கிக் கலந்து, மேலே வெள்ளைச் சாஸும் சீஸும் பரப்பி, மூலையெல்லாம் மொறுமொறுப்பாகச் சிவக்கும்வரை சுடுகிறாளாம்.

"மொல்தோவாவிலேர்ந்து வந்த புதுசுல பாஸ்தாவைக் கஞ்சியாக் காய்ச்சினவ. இப்ப என்னைவிட நல்லாப் பண்றா. யாருக்காக இவ்வளவு மெனக்கெடறான்னு யோசிச்சுப் பாரு."

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வியோரிகா ஒரு கனமான டப்பாவோடு ஸ்டேஷன் பூங்காவுக்குப் போவதையும் இவோன் பார்த்திருக்கிறாள். விடுமுறை நாளில் அவள் ஊர்ப் பெண்கள் கூடும் இடம் அது.

ஓர்னெல்லாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வெரோனாவிலிருந்து அப்பா வீடு அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் பிள்ளைகளின் கால்பந்து, மழை, மூடுபனி என்று ஏதாவது வந்துவிடும். கோடை விடுமுறைக்கு முன்னால் போனதுதான். அப்பாவுக்குப் போனில் பேசினால் சரியாகக் கேட்காது, கையில் வாங்க மாட்டார். அதனால் வியோரிகாவிடம்தான் பேசுவாள். "முடிஞ்சா ஞாயிறு வர்றோம்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் வைப்பாள்.

இந்த ஞாயிறு சொல்லாமல் வந்தாள். தனியாக.

தன் சாவியால் கதவைத் திறந்தாள். உள்ளறையில் அப்பாவின் குறட்டை. மாத்திரைக்காக அவர் பன்னிரண்டுக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

சமையலறை மேஜையில் நான்கு தட்டுகள், சாப்பிட்டு முடித்தபடி கிடந்தன. கசங்கிய துடைப்புத் துணிகள். இரண்டு கோப்பைகளின் அடியில் சிவப்பு ஒயின். இரண்டு சின்ன டம்ளர்களில் ஆரஞ்சு பானம். ஒரு தட்டில் காளானை எல்லாம் பொறுக்கி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது.

குழந்தை குட்டிகளோடு வந்து தின்றிருக்கிறார்கள்.

வியோரிகா கோட்டு மாட்டிக்கொண்டு, டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். ஓர்னெல்லாவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"விருந்து முடிஞ்சுதா?" என்றாள் ஓர்னெல்லா.

"மெதுவாப் பேசுங்க சிஞ்ஞோரா. தூங்குறார்."

"யார் யாரு வந்திருந்தாங்க?"

"யாரும் வரலை."

"அப்ப பேய் வந்து சாப்பிட்டுப் போச்சா? டப்பாவுல என்ன?"

"மீதி பாஸ்தா. பூங்காவுல எங்க ஆளுங்களுக்குக் குடுப்பேன்." அதை அவள் மறைக்கவில்லை.

ஓர்னெல்லா மனதில் கட்டி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். வயதானவரின் வீட்டை ஓட்டலாக்கிவிட்டதை, நம்பிச் சாவி கொடுத்தது தன் புத்திகெட்டதனம் என்பதை, எல்லாம். வியோரிகா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மாசத்தோட நின்னுக்கோ. அறையையும் காலி பண்ணிடு."

வியோரிகாவுக்கு இந்த ஊரில் இருந்தது அந்த அறை ஒன்றுதான். அதற்கும் அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஆனால் ஓர்னெல்லா தட்டுகளை அடுக்கித் தொட்டிக்குக் கொண்டுபோகத் திரும்பியபோது, சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவாதீங்க. அவர் எழுந்திருக்கட்டும்."

"ஏன், எச்சில் தட்டை எங்கப்பா கழுவணுமா?"

"என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க, சிஞ்ஞோரா. தட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

இழுபறியில் ஒரு முள்கரண்டி தரையில் விழுந்தது. உள்ளே குறட்டை நின்றது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அப்பா நேரியோ வந்து வாசலில் நின்றார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நீ இன்னும் கிளம்பலையா? மாப்பிள்ளையும் பசங்களும் கீழே போயிட்டாங்களா?"

ஓர்னெல்லா கையில் தட்டுகளோடு நின்றாள்.

அவர் மெல்ல நடந்து வந்து, அவள் கையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி மேஜையில் பரப்பிப் பார்த்தார்.

"பெரியவன் வழிச்சுச் சாப்பிட்டிருக்கான். சின்னவன் போன வாரம் மாதிரியே காளானை ஒதுக்கிட்டான் பாரு. அவங்க பாட்டியும் இப்படித்தான்." தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஓர்னெல்லா வியோரிகாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள்.

கிழவர் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வாராவாரம் நீங்க வர்ற நேரம் பார்த்து நான் தூங்கிடறேன். எழுப்ப வேணாம்னு நீதான் சொல்லிடறியாமே, வியோரிகா சொன்னா. அடுத்த ஞாயிறாவது எழுப்பும்மா."