பங்க் வாசலில் நின்ற பஸ்

“எஞ்சின் சூடாயிடுச்சு. பத்து நிமிஷம் ஆறணும். எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

பெண் கண்டக்டர் சொல்லி முடிப்பதற்குள், டிரைவர் பெட்ரோல் பங்க் ஓரமாக பஸ்ஸை நிறுத்தி அணைத்துவிட்டார்.

முன்சீட்டிலிருந்து ஓர் இளம்பெண் துள்ளி எழுந்தாள்.

“மறுபடியுமா? பதினோரு மணிக்கு எனக்கு யுனிவர்சிட்டியில இன்டர்வியூ! ஒரு நிமிஷம் லேட்டானாலும் கதவைச் சாத்திடுவாங்க. அப்புறம் ஆராய்ச்சிப் படிப்பு அடுத்த வருஷம்தான். யார் பொறுப்பு, நீங்களா?”

“போயிடலாம்மா. உட்காரு.”

“உட்கார்ந்தா வண்டி நகருமா?”

பக்கத்திலிருந்த அம்மா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். “விடுடி. அவங்க என்ன வேணும்னா பண்றாங்க?”

“நீ சும்மா இரும்மா. உன்னை மாதிரி எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கறதாலதான் நம்ம தலையில மிளகாய் அரைக்கறாங்க.”

அம்மா எழுந்தாள். “காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்” என்று இறங்கிப் போனாள். இன்னும் சிலரும் இறங்கினார்கள்.

மகள் நேராக டிரைவரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, நிறுத்தறதுக்கு முன்னாடி அந்தச் சூடு காட்டற முள்ளைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நடுவுலதான் இருந்துது. சூடானா சிவப்புக்குப் போகணுமா, வேண்டாமா?”

டிரைவர் தலையைச் சொறிந்தார். “அது ரிப்பேரும்மா.”

“முள்ளு ரிப்பேர்னா, எஞ்சின் சூடுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“வாசனை வந்துது.”

“எனக்கு வரலையே!” குனிந்து எஞ்சின் மூடியில் கையை வைத்தாள். “எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி இதைவிடச் சூடா இருக்கும்.”

பஸ்ஸே சிரித்தது. “அப்படிக் கேளு தங்கச்சி!” என்று யாரோ கத்தினார்கள்.

அவளுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. “சரியா பங்க் வாசல் பார்த்துச் சூடாகற எஞ்சினை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்!”

“டீ குடிக்க நிறுத்தியிருப்பாங்க” என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

“அதானே! அப்பவே ஒருத்தர் அவசரம்னு நிறுத்தச் சொல்லி ஓடினார். இப்போ இது. ஒருத்தர் வசதிக்கு ஐம்பது பேர் தண்டம் கட்டணுமா?”

கடைசி சீட்டில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அரை மணி முன்னால் அவர் புதர் மறைவிலிருந்து ஓடி வந்து ஏறியபோது, பஸ் முழுக்கக் கைதட்டி வரவேற்றிருந்தது. முதல் கைதட்டல் அவளுடையதுதான்.

டிரைவர் தலைக்கு மேலே புகார் எண் எழுதியிருந்தது. போனை எடுத்தாள்.

“ஆமா சார், எஞ்சின்ல ஒண்ணுமே இல்ல. பொய் சொல்லி வண்டியை நிறுத்தி வெச்சிருக்காங்க. டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேரும்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன் சார்!”

கொஞ்ச நேரத்தில் கண்டக்டரின் போன் அடித்தது.

“சொல்லுங்க சார்... எஞ்சின் சூடுதான் சார்... ஐயோ, டீ எல்லாம் இல்ல சார்... சரி சார். டியூட்டி முடிஞ்சதும் டிப்போவுல வந்து விளக்கம் சொல்றோம்.”

டிரைவரின் முகம் சுருங்கியது. “போன மாசமே எம்மேல ஒரு புகார் வந்திருக்கேம்மா.”

“இருக்கட்டும் விடுங்கண்ணே. பார்த்துக்கலாம்” என்றார் கண்டக்டர்.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

இறங்கியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். டிரைவர் உடனே சாவியைத் திருகினார்.

“அதுக்குள்ள ஆறிடுச்சா? ஒரு போனுக்கு இவ்வளவு குளிர்ச்சியா!” என்றாள் அவள். மறுபடியும் சிரிப்பு.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “போன் எல்லாம் எதுக்குடி? பாவம்.”

“பாவமாவது, புண்ணியமாவது! பொய்யைப் பொய்னு சொன்னேன். நியாயம்னா நாலு பேருக்குக் கசக்கத்தான் செய்யும்.”

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். கடைசி சீட்டுக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் பறந்தது. பல்கலைக்கழக வாசலில் நின்றபோது பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

“பார்த்தியா? கேட்டாத்தான் வேலை நடக்கும்” என்றபடி முதலில் குதித்தாள் மகள். அம்மா மெதுவாகப் படியில் கால் வைத்தாள். கைகொடுக்க மகள் திரும்பியபோது, கண்டக்டர் அம்மாவின் தோளருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

“இப்போ வயிறு பரவாயில்லையாக்கா? சாயங்காலம் திரும்பறதும் எங்க வண்டிதான். யார்கிட்டயும் வாயைத் திறந்து கேட்க வேண்டாம், என்னை ஒரு பார்வை பாருங்க போதும். எஞ்சின் சூடாயிடும்.”