கால் சுற்று

தன்னிடம் குறையே கிடையாது என்று நம்பிய ஒரு குட்டி லேத் மெஷின் இருந்தது. கடைந்த துண்டு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும், தன் கைச்சக்கரத்தைத்தான் அது திட்டும்: "நீ ஒழுங்கா சுத்தினா இப்படி ஆகுமா?"

சக்கரம் தன் வேலையைப் பார்க்கும்.

ஒருநாள் பட்டறைக்காரர் தாவீது சக்கரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். கத்தி வழுக்கிக்கொண்டு ஓட லீனியர் ரயில் என்ற வழவழப்பான தண்டவாளம் போட்டார். கத்தியை நகர்த்தும் திருகை இதுவரை சக்கரம் சுற்றியது; இனி சுற்ற மோட்டார் வந்தது. மோட்டாரை ஏவக் கம்ப்யூட்டர் வந்தது. லேத்துக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் முதல் துண்டே அளவு தப்பியது.

"நீயுமா?" என்று மோட்டார்மேல் பாய்ந்தது லேத்.

"பத்து சுத்து சுத்தச் சொன்னாங்க, பத்துதான் சுத்தினேன். திசை மாறும்போதெல்லாம் உங்க திருகு கத்திய நகர்த்தாம கால் சுத்து சும்மா ஆடுதே, அண்ணே!"

லேத் மெதுவாக அலமாரிப் பக்கம் பார்த்தது. "உனக்குத் தெரியுமா?"

"வந்த நாள்லேருந்தே தெரியும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கால் சுத்து கூடுதலா பின்னால போயிட்டு, முன்னால வருவேன்," என்றது சக்கரம்.

தாவீதுக்கும் தன் கைப்பழக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே அதையும் கம்ப்யூட்டரில் சேர்த்தார். அடுத்த துண்டு கச்சிதமாக வந்தது.

"சபாஷ்!" என்று மோட்டாரைத் தட்டிக்கொடுத்தார் தாவீது.

"அலமாரியில இருக்காரே," என்றது லேத், "அவர்கிட்டச் சொல்லுங்க."