பச்சை ஃபைலும் நீல ஃபைலும்

“பேக்கரிக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ் போடுவீங்களாமே மேடம்? மத்த கடைக்காரங்க எல்லாம் என்ன பாவம் பண்ணாங்க?”

கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி புதிதாக பேக்கரி திறக்கிறாளாம், அதற்குப் பாலிசி வேண்டுமாம்.

“எல்லாக் கடைக்கும் போட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தேன். எதைப் பத்தியும் முழுசாத் தெரியாது. இப்ப பேக்கரின்னா, புகைக்குழாயை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை தட்டணும்ங்கிறது வரைக்கும் தெரியும். நாலு கம்பெனி பாலிசி விக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் நான் கட்டுப்பட்டவ இல்ல.”

கட்டுப்படச் சொல்லித்தான் மேஜைமேல் ஒரு பச்சை ஃபைல் உட்கார்ந்திருந்தது. பேக்கரிக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பன்னக்கா. அவள் கையில் நாற்பது பேக்கரிகள். அத்தனையையும் எங்களிடம் மாற்றிவிடுங்கள், கமிஷன் ஒன்றரை மடங்கு, மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லுங்கள் என்று பச்சைக் கம்பெனி எழுதியிருந்தது. மணி நாலரை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து டைப் செய்யும் தங்கை, வரப்போகும் கமிஷனை நம்பி ஸ்கூட்டருக்கு நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

பன்னக்காவுக்குத்தான் பதினைந்து நாளாகச் சரியான தூக்கமில்லை. மறுத்தால் பிழைக்கத் தெரியாதவள் என்பார்கள். ஒப்புக்கொண்டு, நாளைக்கே ஒரு கடை எரிந்து பணம் வராமல் போனால் யார் முகத்தில் விழிப்பது?

“பச்சைக் கம்பெனியில பாதி பிரீமியம்தானாமே?” என்றார் வந்தவர்.

“ஆமா சார், ரொம்ப சீப்” என்று தங்கை முந்திக்கொண்டாள்.

பன்னக்கா பச்சை ஃபைலையும் நீல ஃபைலையும் அவர் பக்கம் தள்ளினாள். ஒவ்வொன்றிலும் அந்தந்தக் கம்பெனியின் மாதிரிப் பாலிசி இருந்தது. எல்லோரும் முதல் பக்கத்தில் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இவரோ கடைசிப் பக்கத்தில் தொடங்கி, அரிசியில் கல் பொறுக்குகிறவர் போல, பின்னாலிருந்து முன்னால் வந்தார். இப்படிப் படிக்கிற மனிதரை அவள் பார்த்ததே இல்லை.

“பச்சையில பதினாலாம் பக்கம் படிச்சீங்களா மேடம்?”

“படிச்சேன் சார். அடுப்பு எரியும்போது பக்கத்துல ஆள் இல்லாம தீப்பிடிச்சா பணம் கிடையாதுன்னு போட்டிருக்கு.”

“நியாயம்தானே?”

“வேற கடைக்கு நியாயமா இருக்கலாம். பேக்கரியில விடியக்காலம் அடுப்பைப் பத்த வச்சுட்டு மாவு பிசையப் போயிடுவாங்க. அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னா பன்னை யார் உருட்டுறது? எந்த பேக்கரி எரிஞ்சாலும் அந்த ஒரு வரியைக் காட்டிக் கையை விரிச்சுடலாம்.”

அவர் ஃபைலை மெதுவாக மூடினார்.

“அப்ப எனக்கு எதைச் சொல்றீங்க? மனசுல பட்டதைச் சொல்லுங்க மேடம். என் வீட்டுக்காரி நகை முழுக்க அந்த அடுப்புலதான் கிடக்கு.”

மேஜைக்கு அடியில் காலை நீட்டி, தங்கை அக்காவின் காலை மிதித்தாள். பன்னக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

“நீலம். பிரீமியம் ரெண்டு மடங்கு. ஆனா இந்த மாதிரி வரி எதுவும் அதுல இல்ல. போன வருஷம் என் பேக்கரிக்காரர் ஒருத்தருக்குக் கூரையே போச்சு. ஆறு வாரத்துல பணம் வந்து, திரும்பக் கடையைத் திறந்துட்டார்.”

அப்போது போன் அடித்தது. பச்சைக் கம்பெனி மேனேஜர்தான். ஐந்து மணி வரை அவருக்கே பொறுமை இல்லை.

அவள் அந்தக் கம்பெனிப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்ததும், வந்தவர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் போலிருக்கிறது.

“உங்க முடிவு என்ன மேடம்?” என்றது போன்.

இந்த ஒருவருக்கு நீலத்தைச் சொல்லிவிட்டு, அந்த நாற்பது பேர் தலையில் பச்சையைக் கட்டுவதா? சரி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“மன்னிச்சுக்குங்க சார், வேண்டாம். அந்தப் பதினாலாம் பக்கத்து வரியை நீக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

போனை வைத்த பிறகுதான் வந்தவர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“நீலத்துலயே போடுங்க மேடம்” என்று சொல்லி மளமளவென்று கையெழுத்துப் போட்டார். எழும்போது விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். “ஏதாவது கேக்கணும்னா செல்லுக்குக் கூப்பிடுங்க. ஆபீஸ் நம்பருக்கு மட்டும் வேண்டாம்.”

அவர் படியிறங்கும் வரை தங்கை பொறுத்திருந்தாள்.

“ஒரு கடையைப் பிடிக்க நாப்பது கடைக் கமிஷனைக் கோட்டை விட்டுட்டியே அக்கா. பதினாலாம் பக்கமாம், பதினாலாம் பக்கம். யாரு அதையெல்லாம் பாக்கப் போறாங்க?”

சின்னவள் சொல்வதுதான் சரியோ என்று பன்னக்காவுக்கே தோன்றியது. ஒரு வரிக்குப் பயந்து பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோமோ?

“முதல்ல அவர் நம்பரை ஏத்து” என்றாள்.

தங்கை கார்டைத் திருப்பினாள். நம்பரை ஏற்றவில்லை. இரண்டு தடவை படித்தாள்.

“அக்கா, பச்சைக் கம்பெனியில பணம் கொடுக்கிறதா இல்லையான்னு முடிவு பண்ற கிளைம் பிரிவுக்கே இவர்தான் தலைமை அதிகாரி.”

பன்னக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.