பேருலதான் வாய்மொழி

“எப்பா, நேத்து நீங்க ரெண்டு பேரும் எழுதுன குணநல டெஸ்ட் ரிசல்ட் வந்துட்டு. அம்மா கலகலப்பு ரகம். நீங்க அமைதி ரகம்” என்றாள் பின்சீட்டிலிருந்து அபர்ணா.

குற்றாலத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டிருந்த செந்தில்வேல் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏட்டி, இருபத்திரெண்டு வருசமா நான்தான் பேசுதேன். ஒங்கம்மா ‘ம்’ மட்டும் கொட்டுதா. பேருலதான் குழல்வாய்மொழி!”

“ம்” என்றாள் குழல்வாய்மொழி.

அருவியில் வழக்கம்போல் அவர் ஆண்கள் பக்கமும், தாயும் மகளும் பெண்கள் பக்கமும் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் தலையைத் துவட்டிக்கொண்டு காருக்கு வந்தபோது, யாரோ ஒரு பெண் அவர் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

“யக்கா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்துருங்க. ஒங்க பேச்சக் கேட்டுச் சிரிச்சதுல குளிக்கவே மறந்துட்டேன்!”

செந்தில்வேல் கையிலிருந்த துண்டு நழுவியது.

“நான்தான் சொன்னேம்லா” என்றாள் அபர்ணா.

“குழலு, அப்ப வீட்டுல நீ ஏன் பேசுததே இல்ல?”

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க நிறுத்தாம பேசுனிய. பேச்சுன்னா ஒங்களுக்கு உசுருன்னு விட்டுட்டேன்.”

“அடிப்பாவி! நீ வாயே தொறக்கலன்னு பயந்துல்லா நான் பேசுனேன்! வாராவாரம் இங்க வாரதே, அருவிக்கு அடியில நின்னா ஒருத்தர்ட்டயும் பேச வேண்டாம்னுதான்!”

திரும்பும்போது பக்கத்து ஊரான மேலகரம் வருவதற்குள் குழல்வாய்மொழி ஒன்பது கதை சொல்லிவிட்டாள்.

“கேக்குதியளா?”

“ம்” என்றார் செந்தில்வேல், அருவிக்கு அடியில் நிற்கிற முகத்தோடு.