இடது கடைசிச் சக்கரம்

காலை ஏழு பத்துக்கு மெக்கானிக் லாரியின் ஆறு சக்கரங்களிலும் நடுவே பேரிங் இருக்கும் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஓடி நின்ற வண்டிக்குச் செய்கிற சோதனை அது, கை பழகிவிட்டது. ராணுவ ஏலத்தில் தங்கை கணவன் எடுத்த இந்த லாரி மூன்று நாட்களாக நகரவில்லை. ஐந்து ஹப்கள் ஜில்லென்றிருந்தன. இடது கடைசி சுட்டது.

நேற்றும் சுட்டது. பிரித்துப் பார்த்து, பேரிங்கை மாற்றி, புது கிரீஸ் அடைத்திருந்தான். பேரிங் சூடேறினால் ஓட்டத்திலேயே சக்கரம் கழன்றுவிடும்.

"என்ன மச்சான், லாரிக்கு ஜுரமா?" தங்கை கணவன் சிரித்தான்.

"ராத்திரி வண்டிய எடுத்தியா மாப்ளே?"

"பேட்டரியே உன் வீட்லதான இருந்துச்சு. இப்பத்தான கொண்டாந்து மாட்டினேன்!"

மெக்கானிக் மறுபடி தொட்டான். புறங்கை சிவந்தது.

முன்சீட்டிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பாப்பா மடியிலயே தூங்கிட்டா. கிளம்பட்டுமா?"