விட்டுப்போன ஒரு வரி

கல்யாணமான இரண்டு வருடத்தில் மாமியார் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்தது இதுவே முதல் முறை. வேலை இருப்பதாகச் சொல்லிக் கணவன் அவளை மட்டும் அனுப்பியிருந்தான். மாமியாரோ அவளை அடுப்படிப் பக்கமே விடாமல், ஆரஞ்சுச் சுளைகளை உரித்து உரித்து நீட்டினார்.

“எட்டு மணி வரைக்கும் தூங்கிட்டேனே அத்தை, எழுப்பக் கூடாதா?”

“நல்லாத் தூங்கும்மா. வீட்டுலயும் இப்படித்தானா?”

“லீவுன்னா இப்படித்தான். உங்க பிள்ளை தலையில அடிச்சுக்குவார்.”

“அவன் கிடக்கான்! நீ திருப்பிக் கொடுப்பியா, மாட்டியா?”

“ஒரே ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிஞ்சேன் அத்தை. காலித் தட்டுதான்!”

“அடி சக்கை! அது எப்போ?”

“கல்யாண நாளுக்கு மறுநாள். மார்ச் ஒன்பது.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“எனக்கு அம்மா முகமே ஞாபகம் இல்ல அத்தை. இனிமே நீங்கதான் எனக்கு அம்மா” என்று அவர் மடியில் தலை சாய்த்தாள் மருமகள்.

புதன்கிழமை, கணவனின் வக்கீலிடமிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தது. காலை எட்டு மணி வரை உறங்குபவர். மார்ச் ஒன்பதாம் தேதி கணவர் மீது தட்டை வீசியவர். இவற்றை அவரே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி, கணவரின் தாயார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மாமியாரை அம்மா என்று சொன்ன அந்த வரி மட்டும் அதில் விட்டுப்போயிருந்தது.