பலகையும் பாத்திர ஸ்டாண்டும்

சமையலறையைப் புதுப்பிக்கப் போவதாக மெர்சி சொன்னதிலிருந்து, சுவரிலிருந்த மரப்பலகைக்கும் பக்கத்திலிருந்த பாத்திர ஸ்டாண்டுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கையிலிருக்கும் காசுக்கு இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியுமாம்.

ஸ்டாண்டு முந்திக்கொண்டது. "அக்கா, பலகையைக் கரையான் அரிக்குது. உங்ககிட்ட மறைக்குது."

அது பலகையின் காதில் விழுந்தது. "ஸ்டாண்டோட கால் துருப்பிடிச்சுப் போச்சுக்கா. கனம் வெச்சா ஆடுது," என்றது.

மெர்சி இரண்டையும் தட்டிப் பார்த்தாள். கடைக்குப் போய் விலை விசாரித்தாள். கடைசியில் ஒரு டப்பா நீல பெயிண்ட் மட்டும் வாங்கி வந்து, இரண்டுக்கும் அடித்துவிட்டுப் போனாள்.

இரண்டும் பழைய இடத்திலேயே நின்றன. வெகுநேரம் கழித்து ஸ்டாண்டு மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

"நீலம் உனக்கு நல்லாத்தான் இருக்கு."

"கிட்ட வராதே," என்றது பலகை. "பெயிண்ட் இன்னும் காயலை."